வயதுக்காகக் கைதட்டுவதா?

ஏற்காடு
பங்குனி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கையின் முழங்கால் வலி குறைந்திருப்பதும், பேரன் மிருதங்கத்தில் பாடக்கைகளைத் தாண்டிச் சின்னச் சின்னக் கோர்வைகளுக்கு வந்துவிட்டதும் மகிழ்ச்சியான செய்திகள். இங்கே காப்பிப் பூவுக்கு வேண்டிய மழை ஒருவாறு பெய்துவிட்டது. மிளகைப் பறித்துக் காயவைத்தாயிற்று. காட்டெருமைகள் வழக்கம் போல வேலியைப் பொருட்படுத்தாமல் வந்து போகின்றன. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தில் இருந்த ஒரு கருத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. எண்பதை நெருங்கிய வித்வான் ஒருவருடைய கச்சேரியைக் கேட்டுத் திரும்பிய நீ, அந்த வயதில் மேடையேறுகிறவருக்கு நாம் தட்டுகிற கை சங்கீதத்துக்காக அல்ல, அவர் இன்னும் வந்து உட்கார்கிறாரே என்கிற மரியாதைக்காகத்தான் என்று எழுதியிருந்தாய். நீ கேட்ட கச்சேரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பொது விதியாக்கி, முதுமையில் வித்வத் மட்டுமே மிஞ்சும், வேகம் போய்விடும் என்று நீ முடித்திருந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வாதத்துக்குச் சாட்சியாக ஒருவரை அழைக்கிறேன்: அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர். 2013 பிப்ரவரியில் வெளிவந்த அவருடைய ‘விதவுட் எ நெட்’ என்னும் இசைத்தொகுப்பைத்தான் இந்தக் குளிர்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது வெளியானபோது அவருக்கு எழுபத்தொன்பது வயது. ஸ்டூடியோவில் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டியது அல்ல அது. பெரும்பகுதி 2011-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தபோது சபையோர் முன்னிலையில் வாசித்தது.

சாக்ஸஃபோன் என்றதும் உனக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். வரட்டும், அதுவும் நல்லதுதான். மைசூர் அரண்மனை பேண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கி, அதன் சாவிகளில் மாற்றம் செய்து, கமகம் பேச வைத்தவர் அவர். பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றபோது, இந்தக் கருவியில் ஒரு நாள் கல்யாணி ஆலாபனை கேட்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். உடல் பித்தளையாக இருந்தாலும் ஒலி பிறப்பது நாணல் சீவலில்தான். நாகஸ்வரத்துச் சீவாளிக்கு இரட்டை நாக்கு. இதற்கு ஒற்றை நாக்கு. ஷார்ட்டர் டெனர், சொப்ரானோ என்னும் இரண்டு வகைகளையும் வாசித்தவர். டெனர் வளைந்த பெரிய குழல், குரல் கனமானது. சொப்ரானோ நேர்க்குழல்; தூரத்திலிருந்து பார்த்தால் நாகஸ்வரத்தின் தம்பி என்று சொல்லலாம். கொஞ்சம் அசந்தாலும் சுருதி விலகிவிடும் முரட்டு வாத்தியம் அது. 1969 வாக்கில் அதைக் கையில் எடுத்தவர், இந்தத் தொகுப்பின் மிகச் சூடான இடங்களையெல்லாம் அதில்தான் வாசிக்கிறார்.

அவருடைய பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933 ஆகஸ்டில் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவர்க்கில் பிறந்தவர். பதின்ம வயதில் கிளாரினெட்டில் தொடங்கி டெனருக்கு மாறினார். 1959 முதல் ஐந்தாண்டுகள் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் இருந்தார். 1964-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் சேர்ந்து, அந்தக் குழு வாசித்த உருப்படிகளில் பலவற்றை இயற்றினார். அதே ஆண்டில் ப்ளூ நோட் என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தம் பெயரில் மூன்று தொகுப்புகளையும் பதிவு செய்தார். பிறகு கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுலுடன் சேர்ந்து ‘வெதர் ரிப்போர்ட்’ என்னும் குழுவைத் தொடங்கி, மின்வாத்தியங்களின் காலத்தையும் ஒரு கை பார்த்தார். ப்ளூ நோட்டை விட்டு 1970-இல் போனவர், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் தொகுப்போடுதான் அங்கே திரும்பினார். இவ்வளவையும் செய்து முடித்த ஒருவர் பழைய பெருமையை வாசித்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார் என்பதற்கு முதல் உருப்படியே போதும். ‘ஆர்பிட்ஸ்’ என்னும் அது புதிதல்ல. 1966-இல் மைல்ஸ் டேவிஸ் குழுவுக்காக அவரே இயற்றியது. அந்தப் பழைய பதிவில் உருப்படி பாய்ந்தோடும். பியானோவில் இருந்த ஹெர்பி ஹான்காக் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் ஒற்றை வரியாக மட்டுமே வாசித்திருப்பார். கீழே தாங்கல் இல்லாததால் அந்தப் பாட்டு காற்றில் மிதக்கும். புதிய பதிவில் ஷார்ட்டர் அதைத் தலைகீழாக்குகிறார். வேகம் குறைந்துவிட்டது. பழைய மெட்டின் ஒரு துணுக்கை பியானோவின் கீழ்ஸ்தாயியும், ஆளுயரத் தந்திவாத்தியமான டபுள் பாஸும் சேர்ந்து பிடித்துக்கொண்டு, இருட்டில் யாரோ நடந்து வருவதைப் போலத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அதன் மேல் சொப்ரானோ நுழைகிறது. நுழைகிறது என்றால் நீண்ட பிருகாவோடு அல்ல. நாலைந்து ஸ்வரங்கள், பிறகு மௌனம். மறுபடி மூன்று ஸ்வரங்கள், முன்னதை விட ஒரு படி மேலே, எதிர்பாராத ஓர் அரை இடத்தில். ஒவ்வொரு முறை அவர் விட்டு விலகும்போதும் டிரம்ஸ்காரர் அந்த இடைவெளிக்குள் எகிறிக் குதிக்கிறார். இதிலுள்ள வாசிப்புக்காக ஷார்ட்டருக்கு 2014-இல் கிராமி விருது கிடைத்தது. விருது கிடக்கட்டும். இந்தப் பாட்டில் அவர் ஊதிய ஸ்வரங்களை எழுதி எண்ணினால், இருபது வயதுப் பையன் ஒரு நிமிடத்தில் ஊதுவதை விட மிகுதியாக இருக்காது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கேட்டு முடிக்கும்போது நமக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

இதைக் கேட்டபோது நம் தெருவில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வருகிற பேண்டு செட்டில் இருந்த அந்தக் கிளாரினெட் பெரியவரை நினைத்துக்கொண்டேன். உனக்கும் நினைவிருக்கும், தொளதொளத்த சிவப்புக் கோட்டும், காதில் செருகிய பீடியுமாக நடந்து வருவார். பாட்டு முழுவதையும் டிரம்பெட் பையன்களிடம் விட்டுவிட்டு, வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சும்மா நடப்பார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரு திரும்பும் முனை வந்தால் மட்டும் கிளாரினெட்டை உயர்த்தி ஒரே ஒரு நீண்ட மேல் ஸ்வரம் பிடிப்பார். அதைக் கேட்டதும் பெரிய டிரம்காரர் அடியை மாற்றுவார், தாளம் இரட்டிக்கும், கூட்டம் ஆட ஆரம்பிக்கும். அவருக்கு மூச்சு போய்விட்டது என்று நீ அன்றைக்குச் சொல்வாய். மூச்சு குறைந்திருந்தது உண்மை. ஆனால் அந்த ஊர்வலத்தில் சூடு எங்கே பிறக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஷார்ட்டரைப் பற்றி நான் சொல்ல வந்ததும் இதுதான். வாத்தியக்காரரின் வேகத்தை அவருடைய விரலிலும் நுரையீரலிலும் மட்டும் தேடினால், வயதானவர் தோற்றுத்தான் போவார். சுற்றி இருக்கிற மூன்று பேரை எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதில் தேடினால் கணக்கு வேறாகிவிடும்.

அந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முழுமை பெறாது. பியானோ டானிலோ பெரெஸ். பனாமா நாட்டுக்காரர், இளமையில் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவில் வாசித்தவர். பாஸ் ஜான் பாட்டிடூச்சி. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், பியானோ கலைஞர் சிக் கொரியாவோடு பல்லாண்டுகள் இருந்தவர். டிரம்ஸ் பிரையன் பிளேடு. லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் தந்தை போதகராக இருந்த தேவாலயத்தில் வாசித்து வளர்ந்தவர், ஷார்ட்டரை விட முப்பத்தேழு வயது இளையவர். நால்வரும் 2000-ஆம் ஆண்டிலிருந்து சேர்ந்து வாசித்து வந்தார்கள். மேடைக்குப் போகும்போது எந்தப் பாட்டு முதலில், எது அடுத்து என்று பட்டியல் எதுவும் வைத்துக்கொள்ளாத குழு என்று பெயர் பெற்றவர்கள். யாராவது ஒருவர் ஒரு துணுக்கை வாசிப்பார்; மற்றவர்கள் அது எந்தப் பாட்டின் வாசல் என்று கண்டுகொண்டோ, கண்டுகொள்ளாமலோ உள்ளே போவார்கள். சில சமயம் உள்ளே போன பிறகு அது வேறு வீடாக மாறிவிடும்.

நம் கச்சேரியிலும் மனோதர்மம் உண்டு, பட்டியல் இல்லாமல் பாடுகிறவர்களும் உண்டு என்று நீ சொல்லலாம். உண்டுதான். ஆனால் நமக்கு ராகமும் தாளமும் கரை போட்டுக் கொடுத்துவிடுகின்றன. பக்கவாத்தியக்காரர் தம் முறை வரும் வரை பாடகருக்கு நிழலாக இருப்பதும் ஒழுங்கின் ஒரு பகுதி. இந்த நால்வரிடம் அந்த ஒழுங்கு வேறு விதமாக இருக்கிறது. யார் முதன்மை, யார் பக்கம் என்பது நிமிடத்துக்கு ஒரு முறை மாறுகிறது. ஷார்ட்டர் ஒரு மெட்டைத் தொடங்குகிறார் என்றால், அதை முடிக்கும் பொறுப்பு அவருடையது அல்ல. பெரெஸ் அதன் வாலைப் பிடித்து வேறு சுரத்தொகுதிக்கு இழுத்துப் போகலாம். பாட்டிடூச்சி கேட்காதவர் போலப் பழைய இடத்திலேயே நிற்கலாம். இப்படி இழுபறி நடக்கும்போது கேட்கிறவனுக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அந்தப் பயம் வாசிக்கிறவர்களுக்கும் இருக்கிறது என்பது குரல்களில் தெரிகிறது. வாசிப்பின் நடுவே மேடையிலிருந்து வியப்பும் சிரிப்புமாகக் கூவல்கள் கேட்கின்றன. சபாஷ் சொல்லும் பழக்கம் கடல் கடந்தும் இருக்கிறது.

பிளேடைப் பற்றி உன்னிடம் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நீ மிருதங்கக்காரன். அவர் தாளத்தைச் சொல்வதில்லை. ஓர் ஆவர்த்தனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சிம்பலில் அடையாளம் வைக்கும் வேலையை அவர் பெரும்பாலும் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. மெல்லிய சலசலப்பாக வாசித்துக்கொண்டே வருவார்; சாக்ஸஃபோன் ஒரு ஸ்வரத்தில் அழுத்தினால், அந்த ஸ்வரத்தின் முதுகிலேயே இடி விழும். அதற்குப் பிறகு இரண்டு மாத்திரை முழு மௌனம். ‘பிளாசா ரியல்’ என்னும் உருப்படியில் இதை நன்றாகக் கேட்கலாம். அது ‘வெதர் ரிப்போர்ட்’ குழு 1983-இல் வெளியிட்ட தொகுப்பில் இருந்த பழைய மெட்டு. இங்கே சொப்ரானோ படிப்படியாக ஏறி, மேல் ஸ்தாயியில் கிட்டத்தட்டக் கத்துகிற நிலைக்குப் போகிறது. ஒவ்வொரு படியிலும் டிரம்ஸ் கூடவே ஏறுகிறது. யார் யாரை ஏற்றுகிறார்கள் என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல தவில்காரர் பின்னால் நின்றால் நாகஸ்வரக்காரர் தம் சக்திக்கு மேல் வாசிப்பார் என்று உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது இதற்கு அப்படியே பொருந்தும். எழுபத்தெட்டு வயது நுரையீரலிலிருந்து அந்தக் குரல் வருகிறது என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்காவிட்டால், பாட்டு முடியும் வரை வயதைப் பற்றி நினைத்தே இருக்க மாட்டேன்.

எல்லாமே உயர்வு என்று சொல்லி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. தொகுப்பின் நடுவில் ‘பெகாசஸ்’ என்று 23 நிமிட உருப்படி ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து வால்ட் டிஸ்னி அரங்கில் பதிவானது. இதில் நால்வரோடு ‘இமானி விண்ட்ஸ்’ என்னும் காற்றுவாத்திய ஐவர் குழுவும் சேர்ந்துகொள்கிறது: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன். இந்த ஐவரும் எழுதிய ஸ்வரத்தைப் பார்த்து வாசிக்கிறார்கள். நால்வரும் எழுதாததை வாசிக்கிறார்கள். விமரிசகர்கள் பலர் தொகுப்பின் சிகரம் இதுதான் என்றார்கள். எனக்கு இது பாதிச் சிகரம். தொடக்கத்தில் பியானோ நிதானமாக வழி திறப்பதும், பின்பகுதியில் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே மெட்டை மோதி மோதிப் பெரிதாக்குவதும் அபாரம். இடையில் சில நிமிடங்களில் எழுதிய இசை தன் நேரத்துக்கு வர, எழுதாத இசை அதற்கு வழிவிட்டுக் காத்து நிற்பது போல இருக்கிறது. இந்த நால்வர் யாருக்கும் காத்து நிற்காதபோதுதான் அழகாக இருக்கிறார்கள். நீ கேட்டுவிட்டு என்னோடு சண்டை போடலாம்.

அடுத்து வரும் ‘ஃபிளையிங் டவுன் டு ரியோ’ ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடம். அது 1933-இல் வந்த ஹாலிவுட் படத்தின் தலைப்புப் பாடல். ஷார்ட்டர் பிறந்த ஆண்டும் அதுவே. சினிமாவில் ஊறிய மனிதர் என்பதால் அந்தப் பாட்டு எந்தக் குழந்தைப் பருவத்து மூலையிலிருந்து கிளம்பி வந்ததோ. நம்மில் யாராவது மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டு ஒன்றை எடுத்துப் பதின்மூன்று நிமிடம் விரித்து, அசல் மெட்டின் நூல் மட்டும் அங்கங்கே தெரியும்படி வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ‘மிர்’ என்பது மூன்றே நிமிடம். உடனே பிடிபடாது, விட்டுப் பிடி. கடைசி இரண்டு உருப்படிகளில் மெட்டு என்று கைகாட்ட அதிகம் இல்லை; நால்வரும் அந்த நேரத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டுகிறார்கள். அவற்றை நான் ரசித்தாலும், முதல் தடவை கேட்கிறவரிடம் கொடுக்க மாட்டேன்.

உன் விதிக்குத் திரும்புகிறேன். முதுமையில் குறைவது எது என்பதில் நமக்குள் தகராறு இல்லை. நீண்ட மூச்சு குறையும். துரிதகாலத்தில் விரல் தடுமாறும். ஷார்ட்டரின் வாசிப்பிலும் ஸ்வரம் கரகரப்பது, ஓரிடத்தில் காற்று மட்டும் வந்து நாதம் வராமல் போவது எல்லாம் கேட்கின்றன. ஒரு வித்வான் தம் நாற்பது வயதுக் கச்சேரியை எண்பதில் திரும்ப நடத்த முயன்றால், அந்தக் குறைகள்தான் முன்னால் தெரியும். நீ கேட்ட கச்சேரியில் நடந்தது அதுவாக இருக்கலாம். ஷார்ட்டர் அந்த முயற்சியில் இறங்கவே இல்லை. 1966-இல் பறந்த பாட்டை நடக்க வைத்தார். தமக்குப் பின்னால் தலையாட்டும் பக்தர்களை வைத்துக்கொள்ளாமல், தம்மை எதிர்க்கத் தயங்காத மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நம் ஊரில் பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்கள் பலர் ஒரு தட்டல் கூட உரக்க விழுந்துவிடாமல் பணிந்து வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பணிவே பெரியவரைக் கிழவராக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். பிளேடு அவ்வளவு ஓங்கி அடிக்காவிட்டால் ஷார்ட்டர் அவ்வளவு உயரத்துக்குப் போயிருக்க மாட்டார்.

அவர் 2023 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸில் காலமானார். இந்தத் தொகுப்புக்குப் பிறகும் சில ஆண்டுகள் அதே மூவரோடு மேடையேறினார்; 2018-இல் இன்னொரு பெரிய தொகுப்பும் வந்தது. அதைப் பற்றி வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ கேட்பதாக இருந்தால், தட்டில் இருக்கிற வரிசையில் கேட்காதே. முதலில் ‘பிளாசா ரியல்’, பிறகு ‘ஆர்பிட்ஸ்’, அதன் பிறகு சாவகாசமாக ‘பெகாசஸ்’. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் டபுள் பாஸ் காணாமல் போய்விடும். பேரனிடம் காதில் மாட்டுகிற கருவியை வாங்கிக்கொள். ‘ஆர்பிட்ஸ்’ கேட்கும்போது கையால் தாளம் போட்டுப் பார்த்து, அந்த அடித்துணுக்கு எத்தனை மாத்திரையில் சுற்றி வருகிறது என்றும், பிளேடு அதை எந்த இடத்தில் விட்டு எந்த இடத்தில் மறுபடி தொடுகிறார் என்றும் எனக்கு எழுது. நான் போடும் தாளம் ஒவ்வொரு முறையும் ஒரு விடை சொல்கிறது. நீ சொன்னால் நம்புவேன். பேரனையும் பக்கத்தில் உட்கார வை. உன்னை விட அவன் சீக்கிரம் பிடித்துவிடுவான் என்று பந்தயம் கட்டத் தயார்.

கோடை விழாக் கூட்டம் மலையேறுவதற்கு முன்னால், சித்திரை முதல் வாரத்திலேயே தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு. சேலத்தில் பேருந்து ஏறும் முன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்தத்துக்கு வந்து காத்திருப்பேன். வரும்போது உன் சின்ன மிருதங்கத்தையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்